புதையல் தேடிய வாலிபன் தீர்க்கதரிசி ஆனார்! ஜோசப் ஸ்மித்தின் வாழ்க்கையும், அதை எழுதியவர்களும்

1844-ம் ஆண்டு ஜூன் மாதம் 27-ந் தேதி. மாலை 5 மணி.

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் கார்த்தேஜ் என்று ஒரு சிற்றூர். அங்கே கல்லால் கட்டிய ஒரு ஜெயில். அதன் மாடி அறையில் 4 பேர் இருந்தார்கள். கோடைகாலம். புழுக்கம் தாங்காமல் கோட்டுகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒருவர் சோகப் பாட்டு ஒன்றைப் பாடி முடித்திருந்தார்.

திடீரென்று கீழே கூச்சல் கேட்டது. முகத்தில் கரி பூசிய ஒரு கும்பல் துப்பாக்கிகளுடன் மாடிப்படி ஏறி வந்தது. உள்ளே இருந்தவர்கள் கதவை அழுத்திப் பிடித்துக் கொண்டார்கள். கதவைத் துளைத்துக் கொண்டு குண்டு பாய்ந்தது. ஹைரம் என்பவர் முகத்தில் குண்டு பட்டு விழுந்தார். அவருடைய தம்பி, ஒளித்து வைத்திருந்த சிறு கைத்துப்பாக்கியை எடுத்தார். கதவு இடுக்கு வழியாகச் சுட்டார். குண்டு தீர்ந்தது. ஜன்னலை நோக்கி ஓடினார். முன்னாலும் பின்னாலும் குண்டுகள் பாய்ந்தன. ஜன்னல் வழியாகக் கீழே விழுந்தார். உயிர் பிரிந்தது.

அவர் பெயர் ஜோசப் ஸ்மித். அப்போது அவருக்கு வயது 38.

மார்மன் சபையை உண்டாக்கியவர் அவர்தான். ஒரு நகரத்துக்கு மேயர். ஒரு படைக்குத் தளபதி. அந்த ஆண்டு நடக்க இருந்த அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் வேட்பாளர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு குடியானவன் மகன் இத்தனையும் ஆனார்! அவர் தொடங்கிய சபையில் இன்று 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் இருப்பதாக அந்தச் சபை கணக்குச் சொல்கிறது.

சாவதற்கு இரண்டரை மாதத்துக்கு முன்பு ஒரு பெரிய கூட்டத்தில் ஸ்மித் பேசினார். தம்முடைய சரித்திரம் யாருக்குமே தெரியாது என்றார். அவை எல்லாம் தமக்கே நடந்திராவிட்டால், தாமே நம்பியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

ஆனாலும் அவருடைய சரித்திரத்தைப் பலர் எழுதினார்கள். அவர் ஒரு மகான் என்று ஒரு கூட்டம் எழுதியது. பச்சை மோசக்காரர் என்று இன்னொரு கூட்டம் எழுதியது. யார் எழுதியது மெய் என்று தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சில சங்கதிகள் இன்னமும் தீரவில்லை.

தாய் எழுதிய புத்தகம்

1805-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, வெர்மான்ட் மாகாணத்தில் ஷாரன் என்ற ஊரில் ஜோசப் பிறந்தான். தகப்பனார் பெயரும் ஜோசப் ஸ்மித்தான். தாய் பெயர் லூசி. வீட்டில் பிள்ளைகள் அதிகம். கையில் காசு குறைவு. ஊர் ஊராகக் குடி மாறினார்கள்.

ஜோசப்புக்கு 7 வயது இருக்கும்போது விஷக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் கால் எலும்பு அழுகத் தொடங்கியது. காலை எடுத்துவிட வேண்டும் என்ற பேச்சு வந்தது. தாய் சம்மதிக்கவில்லை. அழுகிய எலும்பை மட்டும் வெட்டி எடுக்க வைத்தியர்கள் முடிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. பிராந்தி கொடுத்து, கட்டிலோடு கட்டிப் போட்டு அறுப்பார்கள். பையன் பிராந்தி குடிக்க மறுத்தான். கட்டவும் விடவில்லை. அப்பா பிடித்துக் கொண்டால் போதும், அம்மா இந்த வேதனையைப் பார்க்க வேண்டாம், வெளியே போகட்டும் என்றான். வைத்தியர்கள் அப்படியே எலும்பைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். கால் பிழைத்தது.

இது எப்படித் தெரியும்? அவனுடைய தாய் எழுதி வைத்ததால் தெரியும்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு, வயதான காலத்தில் லூசி அம்மாள் வாயால் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுதினாள். அந்தப் புத்தகம் 1853-ல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் அச்சானது. 12 ஆண்டு கழித்து, 1865-ல், அதற்குத் தடை வந்தது. தடை போட்டது எதிரிகள் அல்ல. ஸ்மித்துக்குப் பிறகு சபைத் தலைவரான பிரிகாம் யங்! புத்தகத்தில் பிழைகள் மலிந்து கிடக்கின்றன, எல்லாப் பிரதிகளையும் திருப்பிக் கொடுங்கள் என்று உத்தரவு போட்டார். பெற்ற தாய் சொன்ன கதைக்கே அந்தக் கதி என்றால், மற்றவர்கள் எழுதியதைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை.

1815-ம் ஆண்டு, இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசி வானத்தை மறைத்தது. மறுவருஷம் அமெரிக்காவில் கோடைகாலமே வரவில்லை. ஜூன் மாதத்தில் பனி பெய்தது. பயிர்கள் கருகின. ஏற்கனவே நொடித்திருந்த ஸ்மித் குடும்பம், மூட்டை கட்டிக் கொண்டு நியூயார்க் மாகாணத்தில் பால்மைரா என்ற ஊருக்குப் போனது.

எங்கோ வெடித்த எரிமலைதான் அந்தக் குடும்பத்தைப் பால்மைராவுக்குத் தள்ளியது. அங்கே போயிராவிட்டால் மார்மன் சபை உண்டாகி இருக்குமா என்பது சந்தேகம்.

தொப்பிக்குள் ஒரு கல்

பால்மைரா வட்டாரத்தில் அப்போது இரண்டு பைத்தியங்கள் ஜனங்களைப் பிடித்திருந்தன. ஒன்று, மதப் பிரசாரக் கூட்டங்கள். ஒவ்வொரு பாதிரியாரும் தம்முடைய சபைதான் உண்மையான சபை என்று முழங்கினார்கள். மற்றொன்று, புதையல். பழைய காலத்து ஸ்பானியர்கள் வெள்ளியையும் பொன்னையும் புதைத்து விட்டுப் போனார்கள் என்று பலர் நம்பினார்கள். இரவில் மண்வெட்டியோடு அலைந்தார்கள்.

1822-ல் பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் கிணறு வெட்டியபோது ஒரு கல் கிடைத்தது. கோழி முட்டை அளவு, பழுப்பு நிறம். ஜோசப் அதை எடுத்துக் கொண்டான். கல்லைத் தொப்பிக்குள் போட்டு, தொப்பியில் முகத்தைப் புதைத்துக் கொள்வான். மண்ணுக்கு அடியில் இருப்பது தெரிகிறது என்பான். ஜோசையா ஸ்டோவல் என்ற பணக்கார விவசாயி இதைக் கேள்விப்பட்டார். 1825-ல் அவனைக் கூலிக்கு அமர்த்தி, பென்சில்வேனியா மாகாணத்துக்கு வெள்ளிச் சுரங்கம் தேட அழைத்துப் போனார். தோண்டினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜோசப்புக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. அவர்கள் தங்கி இருந்த வீட்டுக்காரரின் மகள் எம்மா!

மறுவருஷம் கோர்ட்டு வழக்கு வந்தது. மாய வித்தை காட்டி ஜனங்களை ஏமாற்றுகிறான் என்று ஜோசப் மீது புகார். ஆனால் பணம் செலவழித்த ஸ்டோவல், அவனுக்கு ஆதரவாகவே சாட்சி சொன்னார்.

இந்த வழக்கைப் பற்றி எதிரிகள் எழுதினார்கள். சபையைச் சேர்ந்த அறிஞர்கள் ஆத்திரப்பட்டார்கள். அப்படி ஒரு வழக்கே நடக்கவில்லை, எல்லாம் கட்டுக்கதை என்றார்கள். இந்தச் சண்டை பல ஆண்டுகள் நடந்தது. 1971-ல் வெஸ்லி வால்டர்ஸ் என்ற பாதிரியார், நார்விச் என்ற ஊரில் பழைய ஜெயிலின் நிலவறையில் கிடந்த காகிதக் கட்டுகளைக் கிளறினார். 1826-ம் ஆண்டு மாஜிஸ்திரேட்டு எழுதிய செலவுக் கணக்கு ஒன்று கிடைத்தது. கண்ணாடிக் கல்லில் பார்த்துச் சொல்லும் ஜோசப் ஸ்மித்தின் வழக்குக்கு ஆன செலவு 2 டாலர் 68 சென்ட் என்று அதில் இருந்தது. அதன் பிறகு யாரும் அந்த வழக்கை மறுக்கவில்லை.

தங்கத் தகடுகள்

எம்மாவின் தகப்பனாருக்கு இந்தக் கல் பார்க்கும் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. பெண் கொடுக்க மறுத்தார். 1827-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி, இருவரும் அவருக்குத் தெரியாமல் கலியாணம் செய்து கொண்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, பால்மைராவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குன்றில் இருந்து தங்கத் தகடுகளைத் தோண்டி எடுத்து வந்ததாக ஜோசப் ஸ்மித் சொன்னார். மொரோனி என்ற தேவதூதன் அந்த இடத்தை 4 ஆண்டுகளுக்கு முன்பே காட்டியதாகவும், தகடுகளை யாருக்கும் காட்டக்கூடாது என்று கட்டளை என்றும் கூறினார். பிற்பாடு 11 பேர், தகடுகளைப் பார்த்தோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

தகடுகளில் இருந்த பழைய எழுத்துக்களை அவர் எப்படிப் படித்தார்? அதே தொப்பி, அதே கல்! முகத்தைத் தொப்பியில் புதைத்துக் கொண்டு அவர் சொல்லுவார். மற்றொருவர் எழுதுவார். முதலில் எழுதியவர்களில் எம்மாவும் ஒருவர்.

பிறகு மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி எழுதினார். அவர் மனைவிக்கு இதில் துளிகூட நம்பிக்கை இல்லை. புருஷன் சொத்தை அழிக்கிறாரே என்று சண்டை போட்டாள். அவளுக்குக் காட்டுவதற்காக ஹாரிஸ், எழுதிய 116 பக்கங்களை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவை காணாமல் போயின! இன்று வரை கிடைக்கவில்லை. மறுபடி அதே பகுதியை எழுதினால் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப் போகுமா? ஸ்மித் அதைத் திரும்ப எழுதவில்லை. எதிரிகள் அதில் வேண்டுமென்றே மாற்றம் செய்து மடக்கப் பார்ப்பார்கள், அதனால் வேறு தகட்டில் இருந்து எழுதும்படி தெய்வக் கட்டளை வந்தது என்றார். விமரிசித்து எழுதியவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தவறாமல் நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

1829-ல் ஆலிவர் கவுடரி என்ற பள்ளி ஆசிரியர் வந்தார். சுமார் 3 மாதத்தில் வேலை முடிந்தது. புத்தகம் 590 பக்கம். 5,000 பிரதி அச்சடிக்க 3,000 டாலர் ஆயிற்று. ஹாரிஸ் தம் நிலத்தை ஈடு வைத்தார். கடைசியில் நிலம் போயிற்று. மனைவியும் பிரிந்தாள்.

1830 மார்ச்சில் மார்மன் புத்தகம் வெளிவந்தது. ஏப்ரல் 6-ந் தேதி சபை தொடங்கியது. யெருசலேமில் இருந்து கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு வந்த ஒரு குடும்பத்தின் கதையை அந்தப் புத்தகம் சொல்கிறது. அவர்கள் வம்சம் இரண்டாகப் பிரிந்து போர் செய்ததாம். உயிர்த்தெழுந்த இயேசு அங்கேயும் வந்தாராம். தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள் இதை ஏற்கவில்லை. விசுவாசிகளுக்கோ அது வேதம்.

டாக்டர் அல்லாத டாக்டர்

1833-ல் டாக்டர் ஹர்ல்பட் என்பவரைச் சபையில் இருந்து விலக்கினார்கள். டாக்டர் என்பது பட்டம் அல்ல. பெற்றோர் வைத்த பெயர்! ஆத்திரம் கொண்ட அந்த ஆசாமி, ஸ்மித்தின் சொந்த ஊருக்குப் போனார். வீடு வீடாக ஏறி இறங்கி, அக்கம்பக்கத்தாரிடம் சத்தியப் பிரமாண வாக்குமூலம் வாங்கினார். ஸ்மித் குடும்பம் சோம்பேறிக் குடும்பம், புதையல் தோண்டும் குடும்பம், பொய் பேசும் குடும்பம் என்று பலரும் சொன்னதாக எழுதிக் கொண்டார். ஈபர் ஹோவ் என்ற பத்திரிகைக்காரர் அதை 1834-ல் புத்தகமாகப் போட்டார். ஸ்மித்தைத் தாக்கி எழுதிய முதல் பெரிய புத்தகம் இதுதான்.

இதில் ஒரு குண்டையும் போட்டார்கள். மார்மன் புத்தகம் திருட்டுப் புத்தகம்; 1816-ல் இறந்துபோன சாலமன் ஸ்பால்டிங் எழுதி வைத்த கதையைத்தான் ஸ்மித் கோஷ்டி திருடி அச்சிட்டது என்றார்கள். படிக்காத பையன் இவ்வளவு பெரிய புத்தகம் எழுத முடியாது என்று நினைத்தவர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. 50 ஆண்டுகள் இதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள்.

1884-ல் ஹவாய்த் தீவில், ஹானலூலு நகரில், ஒரு பழைய பெட்டியில் ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் பிரதி அகப்பட்டது. ஹோவ் நடத்திய பத்திரிகையை விலைக்கு வாங்கியவரின் பெட்டி அது! பிரித்துப் படித்தார்கள். புயலில் சிக்கி அமெரிக்காவில் கரை ஒதுங்கிய ரோமாபுரி மாலுமிகளின் கதை. மார்மன் புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 50 ஆண்டுக் குற்றச்சாட்டு சரிந்தது.

ஆனாலும் ஹோவ் புத்தகத்தை அப்படியே தூக்கி எறிய முடியவில்லை. வாக்குமூலங்கள் பல ஒரே கையால் எழுதியதுபோல் இருக்கின்றன. அது அதன் குறை. புதையல் தேடிய விஷயமோ மெய் என்று பிறகு ருசுவாயிற்று. கெட்ட எண்ணத்தோடு எழுதியவன்கூட உண்மையை எழுதி இருக்கலாம். ஸ்மித்தின் சரித்திரத்தை ஆராய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

தார் பூசினார்கள்

1831-ல் ஸ்மித் ஒகையோ மாகாணத்தில் கர்ட்லாண்டு என்ற ஊருக்குப் போனார். சபை வளர்ந்தது. பகையும் வளர்ந்தது.

1832 மார்ச்சில் ஒரு நள்ளிரவு. நோயுற்ற கைக்குழந்தையை அணைத்தபடி ஸ்மித் தூங்கிக் கொண்டிருந்தார். பெற்றெடுத்த குழந்தைகள் இறந்துபோனதால், அவரும் எம்மாவும் எடுத்து வளர்த்த இரட்டைக் குழந்தைகளில் ஒன்று அது. கும்பல் வீட்டுக்குள் புகுந்து அவரை வெளியே இழுத்துப் போனது. அடித்தார்கள். உடம்பு முழுவதும் தார் பூசி, இறகுகளைக் கொட்டினார்கள். சிநேகிதர்கள் விடியும்வரை தாரைச் சுரண்டி எடுத்தார்கள். தோல் உரிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கோலத்திலேயே போய்ப் பிரசங்கம் செய்தார்! குளிரில் கிடந்த குழந்தை சில நாளில் இறந்தது.

கர்ட்லாண்டில் அவர் ஒரு கோவில் கட்டினார். ஒரு பாங்கியும் தொடங்கினார். கோவில் நிற்கிறது. பாங்கி 1837-ல் முறிந்தது. நம்பிப் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். நெருங்கிய சீடர்கள் பலர் விலகினார்கள். 1838 ஜனவரியில் ஸ்மித் இரவோடு இரவாக ஊரை விட்டு ஓடினார்.

மிசவுரி மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். மார்மன் குடும்பங்களை ஏற்கனவே ஒரு ஜில்லாவில் இருந்து விரட்டி இருந்தார்கள். 1838 அக்டோபரில் இரு தரப்பும் ஆயுதம் எடுத்தன. மார்மன்கள் எதிரிகளின் வீடுகளைக் கொளுத்தினார்கள். 27-ந் தேதி கவர்னர் பாக்ஸ் ஒரு உத்தரவு போட்டார். மார்மன்களை மாகாணத்தை விட்டுத் துரத்த வேண்டும், இல்லாவிட்டால் ஒழித்துக் கட்ட வேண்டும் என்பது உத்தரவு! மூன்றாம் நாள் ஹான்ஸ் மில் என்ற இடத்தில் 17 மார்மன்களைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களில் சிறுவனும் உண்டு. ஸ்மித்தைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். குளிர்காலம் முழுவதும் அங்கேயே கிடந்தார்.

கவர்னரின் அந்த உத்தரவு 1976-ல்தான் ரத்து ஆயிற்று.

எதிரிகள் எழுதிய சரித்திரங்களில் ஹான்ஸ் மில் இரண்டு வரியில் முடிந்துவிடும். பக்தர்கள் எழுதிய சரித்திரங்களில் பாங்கி முறிந்த கதையும், வீடு கொளுத்திய கதையும் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஒரு புத்தகம் எப்படிப்பட்டது என்று அறிய, அது எதைச் சீக்கிரமாகத் தாண்டிப் போகிறது என்று பார்த்தால் போதும்.

எத்தனை மனைவிகள்?

1839-ல் ஸ்மித் காவலில் இருந்து தப்பி இல்லினாய் வந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் சதுப்பு நிலம் வாங்கினார். அதை வடித்து நாவூ என்ற நகரம் கட்டினார். சில ஆண்டுகளில் 12 ஆயிரம் பேர் குடியேறினார்கள். அங்கே அவர் வைத்ததே சட்டம். தளபதி உடையில் குதிரை மீது வருவார். இறங்கி, இளைஞர்களோடு மல்யுத்தமும் போடுவார். வீட்டில் மாட்டிக் கொண்டது மட்டும் வேறு சங்கதி.

ஆண்கள் பல பெண்களை மணக்கலாம் என்று தெய்வ வாக்கு வந்ததாக அவர் நெருங்கியவர்களிடம் சொன்னார். ரகசியமாகப் பல பெண்களை மணந்தார். அவர்களில் சிலர் ஏற்கனவே கணவன் உள்ளவர்கள். ஒரு பெண்ணுக்கு 15 வயதுகூட நிரம்பவில்லை. 1843 ஜூலை 12-ந் தேதி தெய்வ வாக்கை எழுதச் செய்தார். அதை எம்மாவிடம் எடுத்துப் போனவர் அண்ணன் ஹைரம். மைத்துனர் சொன்னால் கேட்பாள் என்று நினைத்துப் போனவர், வாங்கிக் கட்டிக் கொண்டு திரும்பினார்.

வெளியில் ஸ்மித் இதை அடியோடு மறுத்தார். தமக்கு ஒரே மனைவிதான் என்று மேடையில் பேசினார்.

சபையில் உயர்ந்த பதவி வகித்த வில்லியம் லா என்பவர் எதிர்த்துக் கிளம்பினார். 1844 ஜூன் 7-ந் தேதி ஒரு பத்திரிகை வெளியிட்டு, ரகசியத்தை உடைத்தார். நகரசபை கூடியது. மேயர் ஸ்மித் உத்தரவு போட்டார். 10-ந் தேதி அச்சு இயந்திரத்தை உடைத்துத் தெருவில் போட்டார்கள். அச்சகத்தை உடைத்ததால் வழக்கு. வழக்குக்காகச் சரண். சரண் அடைந்ததால் கார்த்தேஜ் ஜெயில். பாதுகாப்புக் கொடுப்பதாகக் கவர்னர் போர்டு சொன்ன வாக்கு காற்றில் போயிற்று. கொலைக்காக 5 பேர் மீது வழக்கு நடந்தது. 5 பேரும் விடுதலை ஆனார்கள்.

பெரும்பாலான மார்மன்கள் பிரிகாம் யங்குடன் மேற்கே யூட்டாவுக்குப் போனார்கள். எம்மா போகவில்லை. பிள்ளைகளோடு நாவூவிலேயே இருந்துவிட்டார். தம் கணவருக்கு வேறு மனைவி கிடையாது என்று 1879-ல் சாகும் வரையில் சொன்னார். மூத்த மகன் அதை நம்பித் தனிச் சபைக்குத் தலைவர் ஆனார்.

யூட்டாவில் அப்போது பலதார மணம் வெளிப்படையாக நடந்தது. அதைத் தொடங்கி வைத்தவர் ஸ்மித்தே என்று நிரூபிக்க வேண்டி இருந்தது. ஆகவே யூட்டாக்காரர்கள், அவரை மணந்த பெண்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கினார்கள். பிற்காலத்தில் விமரிசகர்களுக்குப் பெரிய ஆயுதமாகக் கிடைத்தது எது? பக்தர்களே சேர்த்து வைத்த அந்தக் காகிதங்கள்தான்!

பெரியப்பா தலைவர், மகள் விமரிசகர்

பான் பிராடி என்ற பெண் 1915-ல் யூட்டாவில் பிறந்தார். மார்மன் சபையில் பெரிய குடும்பம். அவருடைய பெரியப்பா டேவிட் மக்கே பிற்பாடு சபைக்கே தலைவர் ஆனவர். அந்தப் பெண் 1945-ல் ஸ்மித்தின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். சரித்திரம் யாருக்கும் தெரியாது என்று ஸ்மித் சொன்ன பேச்சையே புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

குடும்பத்தில் புயல் அடித்தது. 1946-ல் சபை அவரை விலக்கியது.

பிராடியின் கருத்து இதுதான். ஸ்மித் புதையல் பார்த்தவர். அபாரமான கற்பனை உள்ளவர். மார்மன் புத்தகத்தை அவரேதான் எழுதினார். முதலில் தெரிந்தே ஏமாற்றினார். போகப் போகத் தாமே அதை நம்பத் தொடங்கினார். ஸ்பால்டிங் கதையை அவர் ஏற்கவில்லை. ஸ்மித்தை மட்டமான எத்தனாகவும் காட்டவில்லை. 1826-ம் ஆண்டு வழக்கு உண்மை என்று, காகிதம் கிடைப்பதற்கு முன்பே எழுதினார். ரகசிய மனைவிகள் 48 பேர் என்று பட்டியல் போட்டார்.

சில இடங்களில் அவருக்குக் கால் வழுக்கியது. ஸ்மித் மனதில் என்ன ஓடியது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்போல் எழுதினார். நாவல் போல விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் ஆதாரம் இருக்காது. ஆலிவர் பியூல் என்பவர் ஸ்மித்துக்குப் பிறந்தவர் என்று முகஜாடையை வைத்துச் சொன்னார். போட்டோவும் போட்டார். 2007-ல் வம்சாவழி மரபணுச் சோதனை செய்தார்கள். ஆலிவர், ஸ்மித்தின் மகன் அல்ல! இப்படிச் சோதித்த மற்றச் சிலரும் அவருடைய பிள்ளைகள் அல்ல என்றே தெரிந்தது. இதே பிராடி, ஜனாதிபதி ஜெபர்சனுக்கு அடிமைப் பெண்ணிடம் பிள்ளைகள் உண்டு என்று 1974-ல் எழுதி வசவு வாங்கினார். அதற்கு 1998-ல் நடந்த மரபணுச் சோதனை ஆதரவாக அமைந்தது. இரண்டு முடிவையும் பார்க்க அவர் இல்லை. 1981-லேயே இறந்து போனார்.

கள்ளக் கடிதம்

1984-ல் ஒரு கடிதம் வெளிவந்தது. நிலத்தை இழந்த மார்ட்டின் ஹாரிஸ் 1830-ல் எழுதியதாம். தங்கத் தகடுகளைக் காத்தது தேவதூதன் அல்ல, ஒரு வெள்ளைப் பல்லி போன்ற பிராணி, அது ஆவியாக மாறியது என்று அதில் இருந்தது. சபை நடுங்கியது. சரித்திர ஆசிரியர்கள் புத்தகங்களைத் திருத்தத் தயாரானார்கள்.

சால்ட் லேக் நகரில் ஜெரால்டு டானர் என்பவர் இருந்தார். சபையை விட்டு விலகியவர். வாழ்நாள் முழுவதும் அதை எதிர்த்து அச்சிட்டவர். இந்தக் கடிதம் அவருக்குக் கரும்பாக இனித்திருக்க வேண்டும். அவரோ சந்தேகப்பட்டார். 1834-ல் வந்த ஹோவ் புத்தகத்தில் உள்ள ஒரு கதையின் வாடை இதில் அடிக்கிறதே என்று யோசித்தார். கடிதம் போலியாக இருக்கலாம் என்று தம்முடைய பத்திரிகையிலேயே எழுதினார். தங்கள் கட்சிக்குச் சாதகமான சாட்சியை ஏன் கெடுக்கிறார் என்று பலரும் வியந்தார்கள்.

1985 அக்டோபர் 15-ந் தேதி அந்த நகரில் இரண்டு வெடிகுண்டுகள் வெடித்தன. இரண்டு பேர் செத்தார்கள். மறுநாள் மூன்றாவது குண்டு, மார்க் ஹாப்மன் என்ற பழங்காகித வியாபாரியின் காரில் வெடித்தது. குண்டு வைத்தவரே அவர்தான்! கடிதத்தையும், இன்னும் பல பழைய காகிதங்களையும் கள்ளத்தனமாகத் தயாரித்து விற்றவரும் அவரே. குட்டு வெளிப்படும் என்று பயந்து கொலை செய்தார். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

அதே பதிப்பகம்

ரிச்சர்டு புஷ்மன் ஒரு பேராசிரியர். மார்மன் விசுவாசி. 2005-ல் அவர் ஸ்மித்தின் வாழ்க்கையை எழுதினார். பிராடியின் புத்தகத்தை வெளியிட்ட அதே நாப் பதிப்பகம், 60 ஆண்டு கழித்து இதையும் வெளியிட்டது. புதையல், தொப்பிக் கல், பாங்கி முறிவு, மனைவிமார் எல்லாவற்றையும் அவர் மறைக்காமல் எழுதினார். ஆனாலும் ஸ்மித்தைத் தீர்க்கதரிசி என்று தாம் நம்புவதை விடவில்லை. பக்தர்கள் பலர் படித்துவிட்டு அதிர்ந்தார்கள். இதையெல்லாம் ஏன் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்கள். சிலர் சபையை விட்டே போனார்கள்.

2014-ல் சபையே ஒப்புக் கொண்டது. கவனமாகப் போட்ட கணக்குப்படி மனைவிமார் 30 முதல் 40 பேர் என்று எழுதியது. மறுவருஷம், பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்த பழுப்புக் கல்லின் போட்டோவையும் வெளியிட்டது. பழைய காகிதங்களை 2008 முதல் 2023 வரை தொகுதி தொகுதியாக அச்சிட்டு முடித்தது. 1945-ல் எழுதியதற்காகப் பிராடியை விலக்கிய உத்தரவு மட்டும் அவர் சாகும் வரை அப்படியே இருந்தது.

மணல் நிரப்பிய பெட்டி

1844 ஜூன் 29-ந் தேதி, ஸ்மித்தின் உடலையும் ஹைரமின் உடலையும் நாவூவில் ஜனங்கள் பார்ப்பதற்காக வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அழுதபடி வரிசையில் வந்து பார்த்தார்கள். பிறகு ஊர்வலமாகப் போய் இரண்டு பெட்டிகளையும் சுடுகாட்டில் புதைத்தார்கள்.

அந்தப் பெட்டிகளில் உடல்கள் இல்லை. மணல் மூட்டைகள் இருந்தன.

எதிரிகள் தோண்டி எடுத்து விடுவார்கள் என்ற பயம். உடல்களை நள்ளிரவில் வேறு இடத்தில் ரகசியமாகப் புதைத்தார்கள். சில மாதங்களில் எம்மாவின் ஏற்பாட்டின்படி, அவர்கள் குடியிருந்த பழைய வீட்டுக்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். இடம் ஒரு சிலருக்கு மட்டுமே தெரியும். எம்மா செத்த பிறகு அந்த வீட்டுத் தோட்டத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

பிற்காலத்தில் மிசிசிப்பி ஆற்றுக்கு அணை கட்டினார்கள். தண்ணீர் ஏறி வந்தது. 1928 ஜனவரியில் ஸ்மித்தின் பேரன் உத்தரவுப்படி ஆட்கள் மண்ணைத் தோண்டித் தேடினார்கள். பல நாள் தேடிய பிறகு, அண்ணன் தம்பி எலும்புகள் அகப்பட்டன. அவற்றை எடுத்து, எம்மாவின் எலும்புகளோடு ஒரே வரிசையில் அடக்கம் செய்து, மேலே பெயர் பொறித்த கல்லை வைத்தார்கள்.